‘மூவ்’ என்னும் சொல்லும் எங்கள் தெருவில் பெய்த மழையும்

ஐயா, அம்மையீர்,

பள்ளியில் ஆங்கிலம் பயிலும் வாய்ப்பைப் பெறாத ஒருவன், ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி எழுத முற்படுவதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். சொல் மிகச் சிறியது: மூவ். திண்டுக்கல்லில் அதை அறியாதவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நாள்தோறும் அதைப் பயன்படுத்துகின்றனர். நானும் அவ்வாறே பல ஆண்டுகள் பயன்படுத்தி வந்தேன். ஆயினும் ஒரு பிற்பகலில் அச்சொல்லுக்குக் கீழ்ப்படிவதா, மீறுவதா என்பதில்தான் என் மனைவியின் இரண்டு கால்களின் கதியும் அடங்கியிருந்தது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் பணியாற்றியது நகரத்தில் ஒரு பார்சல் லாரி செட்டில். சரக்கு பதிவு செய்வதும், ஏற்றிய லாரி புறப்பட்டதை உரியவர்க்குத் தெரிவிப்பதும் என் வேலை. அச்சொல் எனக்கு அங்குதான் அறிமுகமாயிற்று. லாரி புறப்பட்டது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. லோடு மூவ் ஆயிற்று என்பார்கள். செல்போன் பரவிய காலத்தில் ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவர் தொலைபேசியில் அழைக்க, எங்கள் மேலாளர் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பேசியது இன்றும் காதில் உள்ளது.

“ஏனுங்க, நம்ம தக்காளி லோடு மூவ் ஆயிருச்சுங்களா?”

“மூவ் ஆயிருச்சுங்கண்ணே. இந்நேரம் வேடசந்தூர் தாண்டிருக்கும்.”

“அப்படீங்களா? அப்புறம் எதுக்குங்க டிரைவர் உங்க செட்டுக்கு எதுத்தாப்புல நின்னு வடை தின்னுட்டிருக்கறாரு? நான் டீக்கடையிலிருந்துதானுங்க பேசறேன்.”

மேலாளர் வாசலை எட்டிப் பார்த்தார். வியாபாரி கண்ணாடி டம்ளரை உயர்த்திக் காட்டினார். அதன்பின் அந்த லாரி புறப்பட்ட வேகத்தை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

பேருந்து நிலையத்தின் அருகே பழைய புத்தகம் விற்பவரிடம் ஓர் ஆங்கில-தமிழ் அகராதியை வாங்கி, ஓய்வு நேரங்களில் அச்சொல்லைத் தேடிப் படித்தேன். பக்கத்தின் பெரும்பகுதியை அதுவே நிறைத்திருந்தது. வீடு மாறினாலும் அதே சொல். ஆட்டத்தில் காயை நகர்த்தினாலும் அதே சொல். சபையில் தீர்மானம் கொண்டுவந்தாலும் அதே சொல். பிறர் துயரம் கேட்டு நெஞ்சம் இளகினாலும் அதுவே. நம் மொழியில் நகர்வது வேறு, நகர்த்துவது வேறு. அசைவது வேறு, பெயர்வது வேறு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வேலைகளையும் ஆங்கிலேயர் எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்று வியந்தேன். பின்னர் கவனிக்கத் தொடங்கியபோது, நம்மவரும் அவர்களுக்குச் சளைத்தவர் அல்லர் என்று கண்டேன். தாலுகா அலுவலகத்தில் மனு மேசை மாறினால் ஃபைல் மூவ் ஆகிறது. வத்தலக்குண்டுப் பேருந்தில் இளைஞன் ஒருவன், தன்னை விட்டுச் சென்ற பெண்ணைப் பற்றி, “நான் மூவ் ஆன் ஆயிட்டேன்டா” என்று கைபேசியில் சொன்னான். அவன் குரல் அப்படிச் சொல்லவில்லை.

என் மனைவியின் அண்ணன் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறார். தந்தை இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்தவர் அவரே. எப்போது நலம் விசாரித்தாலும், “சரக்கு மூவ் ஆகல மாப்ளே” என்பதே அவர் விடையாக இருக்கும். சேலைகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. கண் படக்கூடாது என்று அப்படிச் சொல்வார். பருத்த உடல், உரத்த குரல். தங்கை என்றால் அந்தக் குரல் தாழ்ந்துவிடும்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு தாடிக்கொம்புச் சாலையை ஒட்டிய குடியிருப்பில் உள்ளது. மாடிப்படி வீட்டின் வெளிப்புறத்தில், தெருவைப் பார்த்து இறங்கும். அது ஐப்பசி மாதம். காலையில் வெயில் காய்ந்ததை நம்பி, மசாலைப் பொடிக்கான மல்லியையும் மிளகாயையும் மனைவி மாடியில் பரப்பியிருந்தாள். பிற்பகலில் சிறுமலைப் பக்கம் இருண்டது. அவள் ஓடிச்சென்று அள்ளி, சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள். சாக்கு கண்ணை மறைத்திருக்க வேண்டும். நான் உள்ளே இருந்தேன். ஒரு கனமான ஓசை கேட்டது. மல்லி உருளும் சத்தம் அதற்குப் பின் கேட்டது.

வெளியே வந்தபோது அவள் தெருவின் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. இரத்தம் இல்லை. “ஒண்ணுமில்லங்க, வழுக்கிருச்சு” என்றாள். பிறகு, “என்னங்க, காலு இருக்குற மாதிரியே தெரியல. மரத்துப் போச்சு” என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் விழுந்தால் கேள்விக்கு முன்னே கை வரும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைப்பார்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். ஒருவர் காலைப் பிடித்து இழுத்துச் சுளுக்கு எடுப்பார். விழுந்தவரைத் தரையில் விட்டுவிட்டு நிற்பவரை மனிதர் என்று எண்ணமாட்டார்கள். இது எங்கள் ஊரின் நல்ல குணம். நானும் அதில் வளர்ந்தவன்தான்; குனிந்து கை நீட்டவும் செய்தேன். ஆனால் கால் மரத்துவிட்டது என்ற சொல் என் கையை நிறுத்திற்று. முதலில் ஆம்புலன்சுக்குத் தொலைபேசி செய்தேன்.

எடுத்தது ஓர் இளம்பெண்ணின் குரல். பதற்றம் இன்றிக் கேட்டது.

“பேசுறாங்களா சார்? மூச்சு சரியா விடுறாங்களா?”

“பேசுறாங்கம்மா. காலு மரத்துப் போச்சுங்கிறாங்க.”

“அப்ப முதுகெலும்புல அடி இருக்கலாம். அவங்களை மூவ் பண்ணாதீங்க. யாரையும் தூக்க விடாதீங்க. நீங்க தலைமாட்டுல உக்காந்து, தலைய ரெண்டு கையாலயும் ஆடாமப் பிடிச்சுக்கங்க. குடிக்க எதுவும் குடுக்காதீங்க.”

“மழை வருதும்மா.”

“நனையட்டும் சார். வண்டி கிளம்பிருச்சு. நாங்க வர்ற வரைக்கும் மூவ் பண்ணாதீங்க.”

நான் தரையில் மண்டியிட்டு அவள் தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். முதல் துளிகள் பெரியனவாக விழுந்தன.

எதிர்வீட்டு அம்மா சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தவர். என் மனைவியை மதினி என்றும் என்னை அண்ணன் என்றும் அழைப்பவர்.

“அண்ணே, என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? மொதல்ல தூக்குங்க.”

“தூக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கம்மா. தண்ணியும் குடுக்கக் கூடாதாம்.”

“யாரு சொன்னா?”

“ஆம்புலன்ஸ்ல.”

அவர் சொம்பைக் கீழே வைத்தார். நம்பியதாகத் தெரியவில்லை; எதிர்க்கவும் இல்லை. மனைவியின் சேலை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. காலைத் தொடாமல் சேலை ஓரத்தை மெல்ல இழுத்துவிட்டுத் தம் மேல் இருந்த துப்பட்டியை எடுத்து அவள் மீது விரித்தார். அதற்குள் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. “ஏன் இன்னும் கீழயே கெடக்கு?” என்று ஒருவர் கேட்க, “வீட்டுக்காரரு விடமாட்டேங்கிறாராம்” என்று ஒருவர் விடை சொன்னது எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது.

மழை வலுத்தது. யாருடைய வீட்டுக் காதணி விழாவுக்கோ கட்டியிருந்த ஃபிளெக்ஸை எதிர்வீட்டு அம்மா அவிழ்த்துவரச் சொன்னார். நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்து எங்கள் தலைக்குமேல் விரித்தனர். மேலிருந்து வரும் நீர் நின்றது. ஆனால் எங்கள் தெரு மேற்கே உயர்ந்தது. தரையில் ஓடிவந்த நீர் அவள் முதுகுக்கு அடியில் புகுந்தது. அவள் நடுங்கத் தொடங்கினாள். நடுங்கினால் முதுகு அசையுமே என்று நான் நடுங்கினேன்.

அந்நேரத்தில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. என் மைத்துனர் சேலைக் கட்டுகளோடு நகரத்துக் கடைகளுக்கு வந்திருந்தார். யாரோ செய்தி சொல்லியிருக்கிறார்கள். இறங்கும்போதே குரல் கொடுத்தார்.

“ஏலே, என்னடா வேடிக்க? ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க. ஆட்டோவுல ஏத்து.”

“மச்சான், தொடாதீங்க.”

“என்னது?”

“மூவ் பண்ணக் கூடாதுன்னு ஆம்புலன்ஸ்ல சொல்லிருக்காங்க. வண்டி வருது.”

“மூவ் பண்ணக் கூடாதுன்னா மழையில ஊறப் போடணுமா? சாயத்துல முக்குற துணியா மாப்ளே இது?”

“முதுகெலும்புல அடின்னா, தூக்குனா காலே போயிரும்.”

“நீங்க என்ன டாக்டரா? லாரி செட்டுல லோடு போட்ட ஆளு.”

“லோடு போட்ட ஆளுதான். தொடாதீங்க.”

“அவ என் தங்கச்சி.”

“என் பொஞ்சாதி மச்சான்.”

கீழிருந்து அவள் பேசினாள். “ரெண்டு பேரும் சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. அண்ணே, என்னயத் தூக்குண்ணே. ஊரே பாக்குது. மானக்கேடா இருக்கு.”

“செத்த நேரம் பொறு. வந்துருவாங்க” என்றேன்.

“உங்களுக்கு ஈவு எரக்கமே இல்லையாங்க?”

ஐயா, தொலைபேசிக் குரலுக்கு உரிய பெண்ணை நான் கண்டதில்லை. அவள் என் மனைவியைக் கண்டதில்லை. காணாத ஒருத்தியின் சொல்லை வைத்துக்கொண்டு, கண்முன் கெஞ்சுகிறவளை மறுத்துக்கொண்டிருந்தேன். அச்சொல் தவறாக இருந்தால் நான் செய்வது வதை. சரியாக இருந்து நான் விட்டுக்கொடுத்தால் அது அதைவிடக் கொடிது. இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது.

மைத்துனர் குனிந்துவிட்டார். அவருடைய கைகள் அவள் தோள்களுக்கு அடியில் போயின. என் இரண்டு கைகளும் அவள் தலையில் இருந்தன. அவரைத் தடுக்க வேண்டுமானால் தலையை விட வேண்டும்; தலையை விட்டால் எதைத் தடுக்கிறேனோ அதுவே நடந்துவிடும். எனக்கு எஞ்சியிருந்தது வாய் ஒன்றே.

“மச்சான், ஒண்ணே ஒண்ணு. அவ கால் விரலப் பாருங்க” என்றேன். பிறகு அவளிடம், “பெருவிரல ஆட்டு. அண்ணனுக்குக் காட்டு” என்றேன்.

“ஆட்டுறேனே.”

“இன்னும் நல்லா ஆட்டு.”

“ஆட்டிக்கிட்டுத்தானங்க இருக்கேன்.”

துப்பட்டிக்கு வெளியே இரண்டு பாதங்களும் தெரிந்தன. விரல்களின் மெட்டி மீது மழைநீர் தெறித்துக்கொண்டிருந்தது. ஒரு விரலும் அசையவில்லை. மைத்துனர் அதைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முழு வலிமையோடு ஆட்டிக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள். அவர், தூங்கும் குழந்தைக்கு அடியிலிருந்து கையை உருவுவதைப் போல, மிக மெதுவாகக் கைகளை வெளியே எடுத்தார்.

“ஆடுதுத்தா. நல்லா ஆடுது. நீ சும்மா கெட” என்றார்.

பின்னர் என்னைப் பார்க்காமல் ஆட்டோவுக்குச் சென்று, ஒரு சேலைக் கட்டைத் தூக்கிவந்து, நீர் வரும் பக்கத்தில் தரையோடு போட்டார். மற்றொன்றையும் கொண்டுவந்தார். ஆட்டோக்காரர் பதறி, “அண்ணாச்சி, புதுச் சரக்கு” என்றார்.

“சாயம் போகாதுன்னு சொல்லித்தானப்பு விக்கிறேன். பாத்துருவோம்.”

கட்டுகளை வரிசையாக அடுக்கி அணை கட்டினார். நீர் விலகி வடிகால் பக்கம் ஓடிற்று. சற்று நேரத்தில் அந்த நீர் சிவந்தது. கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். “ரத்தம் இல்லம்மா, என் சரக்கு” என்றார் மைத்துனர். பிறகு அந்தக் கட்டுகளின் மீதே, கொட்டும் மழையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த ஊழியர் அவள் கழுத்தில் பட்டை மாட்டினார். பலகையை அருகில் வைத்தார். யார் தோளை, யார் இடுப்பை, யார் காலைப் பிடிக்க வேண்டும் என்று இடம் காட்டினார். “நான் சொன்னப்புறம் எல்லாரும் ஒரே மாதிரி. யாரும் முந்தக் கூடாது. இப்ப மூவ் பண்ணலாம்” என்றார். இடுப்பைப் பிடித்தவர் என் மைத்துனர். அவருடைய கண்கள் அந்த ஊழியரின் வாயை விட்டு அகலவில்லை.

நகரத்து மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எலும்பு உடைஞ்சிருக்கு. ஆனா இடத்தை விட்டு மூவ் ஆகல. நரம்பு நசுங்கியிருக்கு, அறுபடல. விழுந்தப்ப யாரு தூக்குனது?”

“யாரும் தூக்கல சார்.”

அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தார். “யாருமேவா?” என்றார். மைத்துனர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடப்பாளா சார்?” என்று கேட்டேன்.

“அதை இப்ப சொல்ல முடியாது. பொறுத்துப் பாக்கணும்.”

அறுவைச் சிகிச்சை முடிந்தது. அதன்பின் ஒவ்வொரு காலையும் மருத்துவர்கள் வருவார்கள். பாதத்தில் பேனாவால் கோடு இழுப்பார்கள். “மூவ் பண்ணுங்கம்மா” என்பார்கள். அவள் நெற்றி சுருங்கும். கழுத்து நரம்பு புடைக்கும். கால் மட்டும் கட்டை போலக் கிடக்கும். அவர்கள் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டு அடுத்த படுக்கைக்குச் செல்வார்கள். ஒரு நாள் அவர்கள் போனபின், “அந்த வார்த்தைய இனி எவனும் என் முன்னாடி சொல்லக் கூடாது” என்றாள். என்னிடம் அவள் நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். தண்ணீர் வேண்டுமானாலும், “அண்ணே, அவரத் தண்ணி எடுக்கச் சொல்லு” என்பாள். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

அந்நாட்களில்தான் மைத்துனரின் மனைவி தம் கைபேசியைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். கூட்டத்தில் எவரோ பிடித்த காணொளி. மைத்துனர் ‘மழையில ஊறப் போடணுமா’ என்று கேட்பதும், நான் ‘தொடாதீங்க’ என்பதும், மனைவி ‘ஈவு எரக்கமே இல்லையா’ என்று அழுவதும் அதில் தெளிவாக இருந்தன. அத்தோடு அது முடிந்துவிட்டது. அசையாத விரல்கள் அதில் இல்லை. சேலைக் கட்டுகள் இல்லை. உறவினர் குழுவில் அது சுற்றிவந்துகொண்டிருந்தது.

“நான் ஒண்ணும் நெனைக்கல தம்பி. மத்தவுகதான் கேக்குறாக” என்றார் அவர்.

கைபேசியை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் நடக்காவிட்டால் எந்த விளக்கமும் பயனற்றது, காணொளியே உண்மையாகிவிடும்.

ஒரு நாள் காலை, மருத்துவர்கள் வருமுன், மைத்துனர் ஈரத்துணியால் தங்கையின் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நாள்தோறும் செய்யும் வேலை அது. வலது உள்ளங்காலைத் துடைக்கும்போது அவள் சலிப்போடு, “அண்ணே, கூசுது, விடு” என்றாள்.

அவர் துணியை எடுக்கவில்லை. மீண்டும் ஒருமுறை துடைத்தார்.

“கூசுதுங்கிறேன்ல.”

“எங்கத்தா கூசுது?”

“உள்ளங்காலுலதான். வேற எங்க?” என்றாள். சொன்னபின்தான் அவளுக்கே உறைத்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெருவிரல் மிகச் சிறிதாக, வெட்கப்படுவதைப் போல, உள்நோக்கி மடங்கிற்று. மைத்துனர் துணியைக் கையில் வைத்துக்கொண்டே வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றார். அவரிடம் போவதா, இவளிடம் நிற்பதா என்று தெரியாமல் நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் கைப்பிடிச் சட்டத்தை ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறாள். இடது கால் சற்று இழுக்கிறது. எதிர்வீட்டு வாசல்வரை சென்று வருகிறாள். என்னிடம் பேசுகிறாள். சென்ற வாரம் அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை நலம் விசாரிக்க வந்து, பேச்சுவாக்கில் அந்தக் காணொளியைக் குறிப்பிட்டு, “என்ன இருந்தாலும் அத்தான் அப்படிப் போட்டு வச்சிருக்கக் கூடாது” என்றாள். மனைவி சட்டத்தை ஊன்றி எழுந்து, அடுக்களைவரை நடந்து சென்று, எதையும் எடுக்காமல் திரும்பி நடந்துவந்து உட்கார்ந்தாள். “பாத்தியா? அவரு அன்னிக்குத் தூக்க விட்டிருந்தா, இது இல்ல” என்றாள்.

வந்தவள் போனபின் என்னிடம் சொன்னாள்: “நீங்க செஞ்சது சரிதாங்க. அதுக்காக நான் மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. தெருவுல கெடந்தது நானு.”

“தெரியும்” என்றேன். அவள் சொன்னது இரண்டும் மெய். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க நான் முயலவில்லை, முயன்றாலும் இயலாது.

காணொளி பல கைபேசிகளில் இருக்கிறது. அது அழிவதற்கு வழியில்லை. விரல்கள் அசையாமல் இருந்ததையும், ஓர் அண்ணன் தன் கைகளை மெல்ல உருவி எடுத்ததையும் கண்டவர்கள் எங்கள் தெருவில் சிலரே. ஆகையால், இவ்வெழுத்தைப் படித்து முடித்தபின் எறிந்துவிடாமல் எங்கேனும் ஓரிடத்தில் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.